பழைய பிக்கப்பின் இரைச்சலை மூடுவதற்கு முன்

பழைய பிக்கப் ஓட்டிப் பிழைப்பவரின் வீட்டிலே எல்லோரும் சற்று உரத்தே பேசுவார்கள். வண்டிக்குள் ஏழெட்டு மணி நேரம் கத்திப் பேசிப் பழகியவருக்கு வீட்டுக்கு வந்த பின்பும் குரல் இறங்குவதில்லை. ஸ்காபுறோவில் எமக்குத் தெரிந்த இத்தகைய குடும்பங்கள் பல. கூரை வேலைக்குச் செல்வோர், மாரியில் பனி வழிப்போர், கடைகளுக்கு மரக்கறி ஏற்றுவோர், நள்ளிரவில் பத்திரிகைக் கட்டுச் சுமப்போர் எனப் பலருக்கும் முதல் மூலதனம் இருபது வயதான ஒரு பிக்கப்தான். அகதிக் கோரிக்கை தீர்மானமாகாத ஒருவருக்கு வங்கி எளிதில் கடன் கொடுப்பதில்லை. ஆகவே யாரோ ஒருவர் இருபது வருடம் உழைத்துக் களைக்க வைத்த வண்டியை நாம் வாங்கி, மேலும் உழைக்க வைக்கிறோம்.

அரசியல் பேசவேண்டிய இப்பத்தியில் ரயரையும் றப்பரையும் பற்றிப் பேசப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. சென்ற மாரியில் ஒரு வண்டியின் இரைச்சலை அடக்கப்போய் ஓர் இளைஞரின் உயிருக்கே நாம் உலை வைக்கப் பார்த்தோம்.

அந்த வண்டி இப்பத்திரிகையின் கட்டுகளை அச்சகத்திலிருந்து கடைகளுக்கு எடுத்துச் செல்வது. 2003ஆம் ஆண்டுத் தயாரிப்பு; எட்டுச் சிலிண்டர் என்ஜின்; மூன்று இலட்சத்துச் சொச்சம் கிலோமீற்றர் ஓடியது. அதை ஓட்டும் தம்பி தன் விசாரணைத் திகதிக்காகக் காத்திருப்பவர். 401 நெடுஞ்சாலையில் ஏறியதும் றேடியோ கேட்காது. பக்கத்தில் இருப்பவரின் பேச்சும் கேட்காது. மார்கழியில் அவர் தன் கைக்காசில் இருநூறு டொலருக்கு அலுமினியத் தாள் பதித்த றப்பர்ப் பட்டைகளை வாங்கி வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் முயன்று, கதவுகளின் உட்புறத்திலும், என்ஜினுக்கும் ஓட்டுநர் அறைக்கும் நடுவிலுள்ள தகட்டிலும், என்ஜின் மூடியின் அடியிலும் ஒட்டினார். அடுத்த நாள் வண்டியில் ஏறிய நாம் அதிசயித்தோம். றேடியோ கேட்டது. கெட்டிக்காரர் என்று பாராட்டினோம். இரைச்சல் எங்கிருந்து வந்தது என்று அவரும் யோசிக்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

தை மாதத்தில் தம்பிக்குத் தலையிடி தொடங்கியது. நித்திரைக் குறைவு என்றார் ஒருவர். விசாரணையைப் பற்றிய யோசனை என்றார் இன்னொருவர். இரண்டும் உண்மையாக இருக்கக்கூடியவை. அதனால்தான் எவரும் மேலே ஆராயவில்லை. அகதிக்குத் தலையிடி வந்தால் காரணத்துக்கா பஞ்சம்? ஒருநாள் அதிகாலை துணைக்கு ஆளில்லாமையால் நாமே அவருடன் ஏறினோம். ஐந்தாவது கடையை அடையும்போது எமக்கும் நெற்றி கனத்தது, வயிற்றைப் புரட்டியது. வெளியே இறங்கிக் குளிர்காற்றில் நின்றபோது தெளிந்தது. ஐயம் தட்டவே, மறுநாள் எம் வீட்டில் மாட்டியிருந்த காபனோரொக்சைட்டு எச்சரிக்கைக் கருவியைக் கழற்றி வந்து முன்னிருக்கையில் வைத்தோம். வண்டி நின்றபடி ஓடிக்கொண்டிருக்க, கருவியின் சிறு திரையில் இலக்கம் மெல்ல ஏறத் தொடங்கியது. என்ஜினை நிறுத்தி, கதவுகளை அகலத் திறந்து வைத்துவிட்டு இருவரும் ஒன்றும் பேசாது நின்றோம்.

நடந்தது இதுதான். என்ஜினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் வார்ப்பிரும்புப் பாகத்தைக் கராஜில் 'மனிபோல்ட்' என்பார்கள். அது அலுமினியத்தாலான என்ஜின் தலைப்பகுதியோடு ஆணிகளாற் பூட்டப்பட்டிருக்கும். இரும்பும் அலுமினியமும் ஒரே அளவில் விரிவதில்லை. ஒவ்வொரு முறை சூடேறிக் குளிரும்போதும் ஆணிகள் இருபக்கமும் இழுபடுகின்றன. இருபது கனேடிய மாரிகளில் ஒன்றிரண்டு முறிந்துபோவதில் வியப்பில்லை. முறிந்த இடத்தில் மயிரிழை இடைவெளி. அதனூடாகப் புகை பீறிடும்போது 'டிக் டிக்' என ஓர் ஒலி எழும். குளிரில் என்ஜினை இயக்கியதும் உரத்துக் கேட்கும். உலோகம் சூடேறி விரிந்து இடைவெளி சுருங்கியதும் குறையும். இந்த ஒலியை எமது வண்டி எத்தனையோ காலைகளில் எழுப்பியிருக்க வேண்டும். நாம் அதன் வாயைப் பொத்திவிட்டோம். என்ஜின் பகுதியில் தேங்கிய புகையோ, முன்கண்ணாடியின் அடியிலுள்ள காற்றுவழியால், சூடேற்றும் விசிறியின் உதவியுடன் உள்ளே வந்துகொண்டிருந்தது. சத்தத்தின் வழியை அடைத்தோம். புகையின் வழி திறந்தே இருந்தது. நிறமும் மணமுமற்ற வாயு அது. மூக்கை நம்பிப் பயனில்லை.

இதிலிருந்து நாம் வந்தடைந்த அபிப்பிராயத்தைக் கூறிவிடுகிறோம். இம்மாகாணத்தில் பழைய பிக்கப் ஒன்றுக்கு இன்று எஞ்சியிருக்கும் ஒரே பரிசோதகர் அதன் இரைச்சல்தான். ஒன்ராறியோவில் சாதாரண வாகனங்களுக்கான 'டிரைவ் கிளீன்' புகைச் சோதனை 2019 ஏப்ரிலோடு நிறுத்தப்பட்டது. இலக்கத்தகட்டில் ஒட்டும் ஸ்ரிக்கரும் அதற்கான கட்டணமும் 2022 மார்ச்சில் ஒழிந்தன. மக்கள் மகிழ்ந்தனர், நாமும் மகிழ்ந்தோம். பாதுகாப்புச் சான்றிதழ் பெரும்பாலும் வண்டி கைமாறும்போதுதான் கேட்கப்படுகிறது. அதன் ஆயுளும் 36 நாட்களே. ஆக, வாங்கிய நாளிலிருந்து இரும்புக்கடைக்குப் போகும் நாள்வரை அடியில் தலை நீட்டிப் பார்க்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. இந்நிலையில் வண்டி தானாகச் செய்யும் முறைப்பாட்டையும் கேட்காமல் மூடிவிடுவது, வாசலில் நின்று எச்சரிக்கும் அயலவரின் முகத்தில் கதவைச் சாத்துவதற்கு ஒப்பாகும்.

எவ்வாறு கேட்பது? நாம் ஒரு காலத்தில் பல்கலைக்கழகத்தில் மொழியியல் கற்பித்தோம். ஓர் ஒலியைத் தனியே எடுத்து இது என்ன என்று கேட்காதீர்கள், எந்தச் சூழலில் வருகிறது என்று கேளுங்கள் என்று மாணவரிடம் ஓயாது கூறுவோம். அந்தப் பாடம் கராஜில் பயன்படும் என்று அப்போது நினைத்ததில்லை. மெக்கானிக்கிடம் சென்று 'கர்' என்கிறது, 'கொர்' என்கிறது என்று நடித்துக் காட்டுவதிற் பயன் குறைவு. அது என்ஜின் வேகத்தோடு கூடுகிறதா, சில்லு வேகத்தோடு கூடுகிறதா, திருப்பத்தில் மாறுகிறதா, பள்ளத்தில் மட்டும் வருகிறதா என்று சொன்னாலே அவருடைய வேலையிற் பாதி முடிந்துவிடும்.

வண்டி நின்ற இடத்தில் என்ஜினை மெல்ல முடுக்குங்கள். அப்போது கேட்பது என்ஜினையும் அதன் பட்டியையும் புகைக்குழாயையும் சேர்ந்தது. புகைக்குழாயைச் சுற்றிய மெல்லிய வெப்பத்தகடு துருப்பிடித்துக் கழன்று கலகலப்பது மிகச் சாதாரணம். அதற்கு ஒரு துருப்பிடியாத குழாய்ப்பட்டி போதும், சில டொலர்கள். இதற்காகப் புகைக்குழாய் முழுவதையும் மாற்றியவர்களை நாம் அறிவோம்.

ஓட்டத்தில், கியர் எதுவானாலும் வேகத்தோடு மட்டும் கூடும் முனகல் சில்லுப் பக்கத்தது. அங்கே சந்தேகத்துக்குரியோர் இருவர்: ரயர், பெயாரிங். ஆளில்லாத பாதையில் மெல்ல வலப்புறம் வளைத்துப் பாருங்கள். பாரம் இடப்பக்கச் சில்லுகளில் இறங்கும். அப்போது முனகல் கூடினால் இடப்பக்கப் பெயாரிங்கை ஐயுறலாம். இடப்புறம் வளைக்கும்போது கூடினால் வலப்பக்கம். இதைத் தள்ளிப்போடலாகாது, தேய்ந்த பெயாரிங் சில்லையே ஆட வைத்துவிடும். வளைத்தும் மாற்றமில்லையெனில் ரயரின் மேற்பரப்பை உள்ளங்கையாற் தடவிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாகக் கைக்குத் தட்டுப்பட்டால், அதிர்வு தாங்கிகள் களைத்துவிட்டன, சில்லு பாதையில் துள்ளித் துள்ளித் தேய்ந்திருக்கிறது என்று பொருள். புதிய ரயர் மாட்டியும் தாங்கிகளை மாற்றாவிட்டால் அதே கதை மீண்டும் வரும். எண்ணாயிரம் முதல் பத்தாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை ரயர்களை இடம் மாற்றுவது இந்த முனகலைப் பெருமளவு தவிர்க்கும். சேற்றுக்கென வார்த்த முரட்டுப் பற்களுள்ள ரயர்களை நகரத்தில் மாட்டிக்கொண்டு இரைச்சல் என்று அழுவோருக்கு நாம் சொல்ல ஒன்றுமில்லை.

பின்னோக்கும் கியரிலிருந்து முன்னோக்கிப் போடும்போது அடியில் 'டொங்' என்று ஒரு தட்டு. நடைவேகத்தில் ஊரும்போது குருவி கீச்சிடுவது போன்ற ஒலி. இவ்விரண்டும் கியர்ப் பெட்டியைப் பின் அச்சோடு இணைக்கும் தண்டின் மூட்டில் கிறீஸ் வற்றியதன் அடையாளம். கிறீஸ் ஏற்றும் முலை உள்ள மூட்டாயின் காலத்தில் ஏற்றித் தப்பலாம். இல்லாததை மாற்றத்தான் வேண்டும்.

பள்ளத்தில் மட்டும் அறை முழுவதும் முழங்குமாயின் வேறிடம் பார்க்கவேண்டும். பிக்கப்பில் ஓட்டுநர் அறை ஏணிபோன்ற அடிச்சட்டத்தின்மேல் றப்பர்த் தாங்கிகளில் அமர்ந்திருக்கிறது. இருபது வருடத்தில் அந்த றப்பர் நசுங்கி, வெடித்து, இரும்பு இரும்போடு பேசத் தொடங்கும். மாற்றும்போது கடினமான பொலியூரதேன் தாங்கிகளை உறுதியானவை என்று சிலர் விற்பார்கள். உறுதி உண்மைதான்; ஆனால் அதிர்வை அவை கூடுதலாகவே உள்ளே கடத்தும். இரைச்சலுக்கு அஞ்சுவோர் றப்பரையே கேட்டு வாங்கவேண்டும். அடிச்சட்டத்தைப் பார்க்கும் அதே நேரத்தில் சுத்தியலால் மெல்லத் தட்டியும் பாருங்கள். கணீரென்றால் நலம். மந்தமாக ஒலித்துத் துருச் செதில் உதிர்ந்தால், ஒலியைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு வண்டியைப் பற்றிக் கவலைப்படும் நேரம் வந்துவிட்டது. வீதியில் உப்புத் தூவும் நாட்டில் ஆண்டுக்கொருமுறை அடிப்புறத்துக்கு எண்ணெய் தெளிப்பது வீண் செலவன்று. இறுகிக் காய்ந்த தார்ப்பூச்சைத் துருவின் மேல் அடிப்பதுதான் வீண். அதன் வெடிப்புக்குள் உப்புநீர் புகுந்து உள்ளிருந்தே தின்னும். இவற்றையெல்லாம் பார்க்க அடியில் நுழைவோர் ஜக்கை மட்டும் நம்பி நுழையவேண்டாம். தாங்குகால் வைத்த பின்னரே தலையை நீட்டுங்கள்.

இத்தனையையும் ஏன் செய்யாமல் விடுகிறோம்? பணமில்லை என்பது முழு விடையன்று. தலையிடி பிடித்த தம்பி இரைச்சற் பட்டைக்கு இருநூறு டொலர் கொடுத்தவர்தானே. "கேஸ் முடிஞ்சதும் புதுசு எடுப்பம், இது ஓடுமட்டும் ஓடட்டும்" என்பது நம்மவர் வாயில் அன்றாடம் கேட்கும் வாக்கியம். வாடகை அறையின் ஒழுகும் குழாய்க்கும், ஆடும் பல்லுக்கும், பழைய வண்டிக்கும் இதே வாக்கியத்தைத்தான் சொல்கிறோம். விசாரணை ஒத்திவைக்கப்படுகிறது, பின்னர் மேன்முறையீடு, வருடங்கள் போகின்றன. தற்காலிகம் என்று நாம் நினைத்த அந்த வண்டியில்தான் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கும், மனைவியை மகப்பேற்றுக்கும் கொண்டுசெல்கிறோம்.

ஊரில் நாம் இப்படி இருந்தவர்களல்லர். 1990இல் வடக்கின்மீது பொருளாதாரத் தடை இறுகியபோது நாம் சிறுவர். யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒஸ்ரின் ஏ-40 கார்களும் மொறிஸ் மைனர்களும், சிறிதளவு பெற்றோல் விட்டு உயிர்ப்பித்ததும் மண்ணெண்ணெயில் ஓடின. எம் பெரியப்பாவிடமும் ஓர் ஏ-40 இருந்தது. மண்ணெண்ணெய்க்கு என்ஜின் 'தட்டும்' என்பதால், புறப்படுமுன் மூடியைத் திறந்து காதைச் சரித்து நின்று கேட்பார். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி ஒயிலை நீர்த்துவிடும் என்பதால், அளவுக்கோலை உருவி மணந்து பார்ப்பார். ஒயில் வாங்க வழியில்லாத நாட்களில், மணந்து பார்த்துவிட்டு வண்டியை எடுக்காமலே சைக்கிளில் போவார். வேறு கார் வரும் என்ற நினைப்பே அவருக்கு இருக்கவில்லை. அந்தக் கார் போய்விட்டால் அயலில் நோயாளியை மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேறு வழியில்லை என்பதை அவர் அறிவார்.

பழுதை நீக்கிய பின் மௌனத்தை நாடுவதில் எமக்கு மறுப்பில்லை. மௌனம் ஆடம்பரமன்று. ஒன்ராறியோவில் 2016 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள விதி, வேலைத்தலத்தில் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என எல்லை வகுத்திருக்கிறது. மூன்று டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி இருமடங்காகிறது. தாங்கக்கூடிய நேரம் பாதியாகிறது. கண்ணாடி மூடிய பிக்கப் பெரும்பாலும் அந்த எல்லைக்குள் இருக்கும், காது கெடாது. ஆனால் இடையறாத தாழ்ந்த முழக்கம் ஆளைச் சோர்விக்கும். இரவு வேலை முடித்து விடியலில் ஓட்டுபவருக்குச் சோர்வு என்பது எதிரே வரும் லொறியைக் காணத் தவறும் ஒரு கணம்.

ஆயினும் பட்டையும் பஞ்சும் கடைசியில் வரட்டும். முதலில் இடைவெளிகள். ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு துவாரமாக இருந்தால், மீதியை ஈயத்தாற் கட்டினாலும் 20 டெசிபலுக்கு மேல் அது தடுக்காது. கதவைச் சுற்றிய றப்பரில் ஒரு கடதாசித் துண்டை வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் அங்கேதான் காற்று விசிலடிக்கிறது. றப்பர் வெடிக்கவில்லையெனில் சிலிக்கன் கிறீஸ் பூசினால் மீண்டும் மென்மையாகும். பெற்றோலிய எண்ணெய் பூசவேண்டாம். அது றப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். பின்புறம் நகரும் கண்ணாடியின் ஓரமும், ஸ்ரியறிங் தண்டும் வயர்களும் தகட்டைத் துளைத்துவரும் இடங்களும் பார்க்கப்படவேண்டியவை.

இதன் பின்னர்தான் தம்பியின் பட்டைகள். அவையும் கதவு முழுவதையும் மூடவேண்டியதில்லை. தகட்டை விரலாற் சுண்டினால் முழங்கும் இடத்தின் நடுவில், பரப்பில் நாலில் ஒரு பங்கு ஒட்டினாலே அதிர்வு அடங்கிவிடும். தம்பி செலவழித்ததில் பெரும்பகுதி தேவையற்றது. கூரைக்கு ஒட்டும் தார்ப்பட்டை மலிவு என்று எடுப்போர் ஆடி மாத வெயிலில் அது உருகி நாறும்போது வருந்துவர். கதவின் அடிவிளிம்பிலுள்ள சிறு துளைகள் மழைநீர் வடிவதற்கானவை. அவற்றை அடைத்தால் கதவு உள்ளிருந்து உக்கும். நிலத்தில் ஒட்டுமுன் பழைய விரிப்பைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். எமது வண்டியில் இருந்தது. முன்கண்ணாடியின் கீழ் வடிகாலை மேப்பிள் இலைகள் அடைத்திருந்தன.

கராஜுக்குப் போவோர்க்கு ஒரு வார்த்தை. நம்மவர் கராஜ் என்றால் வாய்மொழியாக ஒரு விலை, முடிவில் வேறொரு விலை என்பது வழமையாகிவிட்டது. ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி எழுத்து மூலமான மதிப்பீட்டைக் கோரலாம். அதற்குமேல் நூற்றுக்குப் பத்து வீதத்தைத் தாண்டி அறவிட முடியாது. கழற்றிய பாகத்தைத் திருப்பிக் கேட்கலாம். செய்த வேலைக்கும் போட்ட பாகத்துக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர் உத்தரவாதம் உண்டு. இச்சட்டம் எவருடைய குடிவரவு நிலையையும் விசாரிப்பதில்லை. "அண்ணை, நீங்கள் எங்கட ஆள்தானே" என்ற பேச்சில் உருகி இவற்றையெல்லாம் கேளாது விடுபவர்களே நம்மிற் பலர். கேட்டதற்காக உறவு முறியுமாயின் அது முறியவேண்டிய உறவே.

எமது வண்டியின் மூன்று ஆணிகள் முறிந்திருந்தன. அவற்றைத் துளைத்தெடுக்க இரண்டு நாள் பிடித்தது. கழற்றிய துண்டுகளைக் கேட்டு வாங்கி அலுவலக மேசையில் வைத்திருக்கிறோம். தம்பியின் தலையிடி மாறிவிட்டது. எச்சரிக்கைக் கருவி ஒன்றை வண்டிக்கென்றே வாங்கி மாட்டியுள்ளோம். என்ஜின் பக்கத்துப் பட்டைகளை உரித்தெடுத்துவிட்டார். மீண்டும் ஒட்டுவதற்கு அவசரமில்லை என்கிறார். எண்பது கிலோமீற்றர் வேகத்தில் மட்டும் பின் அச்சிலிருந்து ஒரு முனகல் இப்போது கேட்கிறது. கியர்ச் சில்லா, ஒயில் குறைவா என்பது தெரியவில்லை. வரும் சனிக்கிழமை மூடியைத் திறந்து பார்க்க இருக்கிறோம். அன்று காலைப் பத்திரிகை கடைகளுக்குச் சற்றுத் தாமதித்தே வரும்.